வெட்சூட் வாங்கும் முன் தண்ணீரை அளந்து பாருங்கள்: நான்கு வகை, ஒரு மதிப்பீடு

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த பந்தயம் ட்ரையத்லான்; அதில் நீந்தப் போடும் ரப்பர் உடை வெட்சூட். அதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் தடிமனில்தான் ஆரம்பிக்கும். 5 மி.மீ. எடுக்கலாமா, 3 மி.மீ. போதுமா என்று. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. நீங்கள் இறங்கப் போகும் தண்ணீர் எத்தனை டிகிரி (செல்சியஸ்)? நீந்தும்போது உங்கள் கால் நீர்மட்டத்தில் நிற்கிறதா, தாழ்ந்துபோகிறதா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் கடையில் தொங்குவதில் பாதி தானாகவே கழிந்துவிடும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 15 முதல் 21 டிகிரி வரை முழுக்கை வெட்சூட். 21-க்கு மேல், விதி அனுமதிக்கும் எல்லை வரை, கையில்லாத வெட்சூட். வெட்சூட் தடை செய்யப்பட்ட நீரில் ஸ்விம்ஸ்கின் என்ற மெல்லிய துணி உடை. 14-க்குக் கீழே தெர்மல் உள்துணி வைத்தது. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நடுத்தர ரக முழுக்கை வெட்சூட், தோள்பகுதி 1.5 அல்லது 2 மி.மீ.க்கு மிகாமல் இருக்கட்டும். அதிலும் உடம்புக்குச் சரியாகப் பொருந்துகிற நடுத்தர ரகம், பொருந்தாத உச்ச ரகத்தைத் தாராளமாக முந்தும்.

விதி எங்கே கோடு போடுகிறது

சர்வதேசக் கூட்டமைப்பான வேர்ல்ட் ட்ரையத்லானின் விதிப்படி, வயதுப் பிரிவினருக்கு (தொழில்முறை அல்லாத போட்டியாளர்களுக்கு) 1500 மீட்டர் வரையிலான நீச்சலில் தண்ணீர் 22 டிகிரியைத் தாண்டினால் வெட்சூட் கூடாது. 1500-க்கு மேற்பட்ட தூரத்துக்கு அந்த எல்லை 24.6 டிகிரி. எலைட் (முன்னணி) வீரர்களுக்கு இன்னும் கறார்: 1500 மீட்டர் வரை 20 டிகிரி. தண்ணீர் 15.9-க்குக் கீழே இறங்கினால் எல்லோருக்கும் வெட்சூட் கட்டாயம். 12-க்குக் கீழே போனால் நீச்சலே கிடையாது.

அயர்ன்மேன் நிறுவனம் நடத்தும் நீண்டதூர ட்ரையத்லான் பந்தயங்களில் கணக்கு வேறு. வயதுப் பிரிவினருக்கு 24.5 வரை தடையில்லை. 24.5-க்கும் 28.8-க்கும் நடுவில் விருப்பமுள்ளவர்கள் போட்டுக்கொள்ளலாம் என்று விடுகிற பந்தயங்கள் உண்டு. ஆனால் போட்டவருக்குப் பிரிவுப் பரிசும் இல்லை, உலகச் சாம்பியன்ஷிப் இடமும் இல்லை. 28.8-க்கு மேல் யாருக்கும் அனுமதியில்லை. தொழில்முறை வீரர்களுக்கு எல்லை 21.9. இந்த எண்கள் ஏன் இப்படிக் கோணலாக இருக்கின்றன என்றால், அவை ஃபாரன்ஹீட்டில் பிறந்தவை: 76.1, 83.8, 71.5. தடிமன் விஷயத்தில் இரண்டு அமைப்பும் ஒன்றுதான். எந்த இடத்திலும் 5 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. அலைச்சறுக்குக்கும் டைவிங்குக்கும் விற்கும் 6, 7 மி.மீ. உடைகள் அதனாலேயே இங்கே செல்லாது. செல்லுபடியானாலும் அவற்றை மாட்டிக்கொண்டு கையைச் சுழற்ற முடியாது.

ட்ரையத்லானோடு நிற்காமல் தனித் திறந்தவெளி நீச்சல் போட்டிகளுக்கும் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சர்வதேச நீச்சல் கூட்டமைப்பான வேர்ல்ட் அக்வாட்டிக்ஸின் விதியில் 18 டிகிரிக்குக் கீழே வெட்சூட் கட்டாயம், 18 முதல் 20 வரை விருப்பம், அதற்கு மேல் தடை. ட்ரையத்லானில் போடலாம் என்றிருக்கும் 21 டிகிரி நீரில் அங்கே அதே உடை தகுதிநீக்கம் வாங்கித் தரும்.

பந்தய அளவீடு எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் காலைப் பதற்றம் பாதி குறையும். வேர்ல்ட் ட்ரையத்லான் முறையில், தொடக்கத்துக்கு 1 மணி நேரம் முன்பு, நீச்சல் தடத்தின் நடுவிலும் வேறு இரண்டு இடங்களிலும், 60 செ.மீ. ஆழத்தில் அளப்பார்கள். மூன்றில் எது குறைவோ அதுவே அதிகாரபூர்வ வெப்பநிலை. குளிர்காற்று அடிக்கிற நாளில் காற்றின் வெப்பநிலையையும் சேர்த்துப் பார்ப்பார்கள். ஆகவே கரையோரம் கணுக்கால் அளவு நீரில் நின்று "இன்று வெதுவெதுப்பாக இருக்கிறது, தடைதான்" என்று முடிவு கட்டுவது வீண். ஆழமில்லாத நீர் வெயிலில் சீக்கிரம் சூடேறும், இரவில் சீக்கிரம் குளிரும். தடத்தின் நடுவே கதை வேறாக இருக்கும்.

கைக்கடிகாரம் காட்டும் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். மணிக்கட்டின் சூடு அதில் கலந்திருக்கும். மிதக்கும் நீச்சல்குளத் தெர்மாமீட்டர் ஒன்று போதும். அதில் சின்ன எடை கட்டி, 60 செ.மீ. கயிற்றில் இழுவை மிதவையிலிருந்து (நீந்துபவர் பின்னால் இழுத்துச் செல்லும் பாதுகாப்பு மிதவை) தொங்கவிடுங்கள். 3 நிமிடம் விட்டு, மேலே எடுத்த கணமே படியுங்கள்; காற்றில் பிடித்துக்கொண்டு நின்றால் எண் நகர்ந்துவிடும். பந்தயத்துக்கு முந்தைய வாரத்தில், பந்தயம் தொடங்கும் அதே நேரத்தில், நாலைந்து நாள் இப்படி அளந்து குறித்தால் ஒரு போக்கு பிடிபடும். ஏரியில் காற்றில்லாத வெயில் நாட்கள் மேலடுக்கை மட்டும் சூடாக்கி வைத்திருக்கும். ஒரு ராத்திரி பலத்த காற்று அடித்தால் அடியிலுள்ள குளிர்நீர் கலந்து மேலே வந்துவிடும். முந்தைய நாள் எடுத்த எண் மறுநாள் காலை பொய்யாகிப்போவது இதனால்தான். கடலிலும் கரையிலிருந்து வெளிநோக்கி மேல்நீர் தள்ளப்படும்போது அடிநீர் எழும்பி வெப்பநிலை சட்டென்று விழும்.

முழுக்கை வெட்சூட்

வெட்சூட்டை வெறும் குளிர்ச்சட்டை என்று நினைப்பவர்கள் அதில் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள். நியோப்ரீன் ரப்பருக்குள் லட்சக்கணக்கான மூடிய வாயுக் குமிழ்கள் இருக்கின்றன. அவை வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதேசமயம் உடலை மேலே தூக்கும். இடுப்பும் தொடையும் உயர்ந்தால் தண்ணீருக்கு நீங்கள் காட்டும் குறுக்குப் பரப்பு குறைகிறது, இழுவை குறைகிறது. சுமாராக நீந்துகிறவருக்கு அதிக ஆதாயம் கிடைப்பதும், நீச்சல் பின்னணியிலிருந்து வந்தவருக்குக் கொஞ்சமே கிடைப்பதும் இதனால்தான். பின்னவருக்கு இடுப்பு ஏற்கெனவே மேலேதான் இருக்கிறது.

நல்ல முழுக்கை உடை ஒரே தடிமனில் இருக்காது. மார்பு, இடுப்பு, தொடையில் 4 முதல் 5 மி.மீ.; முதுகில் 3-ஐ ஒட்டி; தோளிலும் அக்குளிலும் 1.5 முதல் 2 மி.மீ. பலகைகளை எங்கே, எந்தத் தடிமனில் வைத்து ஒட்டுகிறார்கள் என்பதில்தான் ஒரு நிறுவனத்துக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம். ரப்பர் பெரும்பாலும் ஜப்பானின் யமமோட்டோ நிறுவனத்துடையது. 38, 39, 40 என்று அதன் தரவரிசை. எண் கூடக் கூட ரப்பர் நீளும் தன்மை கூடும், விலையும் கூடும். உடம்பு முழுக்க 40 தேவையே இல்லை. தோளிலும் அக்குளிலும் உயர்ந்த ரகம், மற்ற இடங்களில் 38 அல்லது 39 என்று வரும் உடைதான் கொடுக்கிற காசுக்கு நியாயமானது.

உங்களுக்கு எவ்வளவு மிதப்பு வேண்டும் என்று தெரிந்துகொள்ள நீச்சல்குளத்திலேயே ஒரு சோதனை செய்யலாம். 100 மீட்டர் சாதாரணமாக நீந்துங்கள். ஓய்வெடுத்து, தொடைகளுக்கு நடுவே புல் பாய் (pull buoy, காலைத் தூக்கிப் பிடிக்கும் நுரை மிதவை) வைத்து அதே உழைப்பில் இன்னொரு 100 நீந்துங்கள். புல் பாயோடு பல நொடி வேகமாக வந்தால் உங்கள் கால் தாழ்கிறது. கால்பகுதியில் மிதப்பு கூடிய உடை உங்களுக்கு. நேரம் மாறவில்லை என்றாலோ, கூடிவிட்டது என்றாலோ உங்கள் சமநிலை நன்றாக இருக்கிறது. சீரான தடிமனும் நெகிழ்வும் உள்ளதை எடுங்கள். ஹூப் நிறுவனம் இதை எண்ணிலேயே சொல்லிவிடுகிறது. 3:5 என்றால் மேலே 3, கீழே 5 மி.மீ.; கால் தாழ்பவர்களுக்கு. 4:4 என்றால் மேலும் கீழும் ஒரே அளவு. ஆர்கா நிறுவனம் ஃப்ளெக்ஸ், ஃப்ளோட் என்று பெயரிலேயே பிரித்திருக்கிறது. இப்படி நீந்துபவரின் உடல் நீரில் கிடக்கும் நிலையைப் பார்த்துப் பிரித்து விற்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. 'ஆரம்பநிலை, இடைநிலை, உயர்நிலை' என்று பிரிப்பதைவிட இது எவ்வளவோ நேர்மை.

மிதப்பு அதிகமானாலும் தொல்லைதான். நல்ல உதையுள்ளவர் தொடையில் 5 மி.மீ. போட்டால் குதிகால் நீருக்கு மேலே போய்க் காற்றை உதைக்கும். இடுப்பு வளையும், பிடரி வலிக்கும். அரைமணி நேரம் நீந்தியபின் கீழ்முதுகு இறுகினால் உடற்பயிற்சிக் குறைபாடு என்று எடுத்துக்கொள்ளாமல் முதலில் உடையைச் சந்தேகியுங்கள்.

தோள் அமைப்பில் ரோக்காவின் மேவரிக் வரிசை கவனிக்கத்தக்கது. கைகளை மேலே உயர்த்திய நிலையில் அளவெடுத்து வெட்டிய வடிவம் அது. கையைத் தொங்கப் போட்டு நின்றால் அக்குளில் கொஞ்சம் மடிப்பு விழும். நீந்தும் நிலைக்கு வந்ததும் மறைந்துவிடும். கண்ணாடி முன் நின்று பார்த்து இதைக் குறை என்று ஒதுக்கிவிட வேண்டாம். ப்ளூசெவன்டியின் ஹீலிக்ஸில் ஜிப் தலைகீழாக வேலை செய்யும். கழுத்தில் தொடங்கிக் கீழே இழுத்தால் மூடும், மேலே இழுத்தால் திறந்துவிடும். கழற்றுவது வேகம். ஆனால் தனியாக மூடுவது பலருக்கு வராது. பந்தயக் காலையில் முதுகுப்பக்கம் நிற்பவருக்கு இந்த ஜிப்பைப் பற்றித் தெரியாவிட்டால் அவர் மேலே இழுத்து இழுத்துப் பார்த்துக் கைவிடுவார். வீட்டிலேயே ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பொருத்தம், மாட்டும் முறை

அளவு அட்டவணையில் உயரமும் எடையும் இருவேறு கட்டத்தில் விழுந்தால் எடையைப் பின்பற்றுங்கள். உடையின் கால்பகுதி கணுக்காலுக்கு நாலு விரற்கடை மேலே நின்றால் பரவாயில்லை. கழற்றுவதற்கு அதுவே வசதி. உடல்பகுதி தளர்ந்தால்தான் ஆபத்து. தண்ணீரில் நியோப்ரீன் இன்னும் சற்று இளகும் என்பதால் கடையில் 'வசதியாக' இருப்பது கடலில் பை போலத் தொங்கும்.

தோள் இறுகுகிறது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் தோளில் இல்லை, கவட்டையில் இருக்கிறது. கால்பகுதியை மேலே முழுக்க ஏற்றாமல் கையை நுழைத்துவிடுவார்கள். கவட்டையில் 3 செ.மீ. இடைவெளி இருந்தால் அந்த 3 செ.மீ.யும் தோளிலிருந்துதான் இழுக்கப்படும். ஒவ்வொரு வீச்சுக்கும் ரப்பரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

நகங்களை வெட்டிக்கொண்டு, மோதிரத்தைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். உடல் உலர்ந்திருக்க வேண்டும். பாதத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பை மாட்டினால் கால் வழுக்கிக்கொண்டு போகும். வெளியே வந்ததும் பையை உருவிவிடலாம். விளிம்பைப் பிடித்து வெடுக்கென்று இழுக்காதீர்கள். உள்ளங்கையாலும் விரல் நுனிச் சதையாலும் ரப்பரைச் சிறிய மடிப்பாகக் கிள்ளி, கணுக்காலிலிருந்து முழங்கால், தொடை என்று பிடிபிடியாக மேலே நகர்த்துங்கள். கவட்டையில் ஒட்டிய பிறகே இடுப்பு, பிறகு வயிறு, பிறகு கை. கையிலும் அதே முறைதான்: மணிக்கட்டிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து தோள். அக்குளில் இடைவெளி இல்லாமல் ஏறியதும் முன்னால் குனிந்து மார்புப் பகுதியை மேல்நோக்கி ஏற்றி, இரண்டு தோள்பட்டைகளையும் பின்னால் சேர்த்து ஜிப்பை மூடச் சொல்லுங்கள். முதல் தடவை கால் மணி நேரம் ஆகும். பழகியபின் 5 நிமிடம்.

மாட்டியதும் மூன்று இடம் பார்க்க வேண்டும். கீழ்முதுகின் பள்ளத்தில் ரப்பரைக் கிள்ளினால் தாராளமாகப் பிடிபடக் கூடாது. பிடிபட்டால் அங்கே தண்ணீர் தேங்கும். கழுத்துப் பட்டைக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும். இரண்டு விரல் தாராளமாகப் போனால் ஒவ்வொரு மூச்சுக்கும் குளிர்நீர் உள்ளே வரும். கையை மேலே தூக்கி நீட்டினால் முழங்கை மடங்கும் அளவுக்கு எதிர்ப்பு இருக்கக் கூடாது.

கழுத்துப் பட்டை மிகவும் இறுகியிருப்பதை வெறும் அசௌகரியம் என்று தள்ளாதீர்கள். கழுத்தின் பக்கவாட்டில் தமனி பிரியும் இடத்தில் அழுத்தம் விழுந்தால் இதயத் துடிப்பு குறைந்து தலை சுற்றும். நிலத்திலேயே கிறுகிறுப்பு வந்தால் அந்த அளவு உங்களுக்கு இல்லை. கழுத்தில் வரும் தோல் உரசலுக்கு மசகு தடவலாம். இறுக்கத்துக்கு மசகு மருந்தல்ல.

மசகு என்றதும் பெட்ரோலியம் ஜெல்லி பக்கம் கை போகும். வேண்டாம். உடைத் தயாரிப்பாளர்கள் அதைத் தவிர்க்கவே சொல்கிறார்கள். கையில் ஒட்டியது கண்ணாடியில் பட்டால் பந்தயம் முழுக்க மங்கலாகவே தெரியும். பாடிகிளைடு போன்ற குச்சி மசகைப் பிடரி, அக்குள், கணுக்கால், மணிக்கட்டில் தடவினால் போதும். உப்புநீரில் பிடரிக்கு இரண்டு தடவை.

கையில்லாதது

இதற்கு உரிய மதிப்பு கிடைப்பதில்லை என்பது என் ஆதங்கம். தோள் முழுக்கச் சுதந்திரமாக இருக்கும். கால், இடுப்பு மிதப்பு அப்படியே கிடைக்கும். 21 முதல் 24 டிகிரி நீரில் முழுக்கை போட்டு நீளத் தூரம் நீந்துகிறவர் உள்ளுக்குள் வெந்துகொண்டிருப்பார். ரப்பர் மூடிய இடத்தில் உடல் வெப்பம் வெளியேறும் பாதை மிகவும் குறைவு. தலை விண்ணென்று தெறிப்பது, காரணமில்லாத எரிச்சல், திசை தடுமாற்றம் எல்லாம் அதன் அறிகுறிகள். கையில்லாத உடையில் அக்குள் வழியாகவும் கை வழியாகவும் வெப்பம் போய்க்கொண்டே இருக்கும். தோள் காயத்திலிருந்து மீண்டு வருபவர்களுக்கும் இதுவே சிறந்தது.

குறையும் அதே அக்குளில்தான். கைத்துளை சரியாகப் பொருந்தாவிட்டால் ஒவ்வொரு வீச்சிலும் நீர் மொண்டு உள்ளே போகும். மார்பில் ஒரு வாளித் தண்ணீரைக் கட்டி இழுப்பது போல் இருக்கும். வாங்கும்போது கையை முன்னே நீட்டி, துளையின் விளிம்பு மார்பை விட்டு எழும்புகிறதா என்று பாருங்கள். எழும்பினால் ஒரு அளவு குறைத்துப் போட்டுப் பாருங்கள், அல்லது வேறு தயாரிப்புக்குப் போங்கள். முழுக்கையோடு ஒப்பிட்டால் வேகம் கொஞ்சம் குறைவுதான். 18-க்குக் கீழே கை மரத்து, விரல்கள் விரிந்து, பிடிப்பு போய்விடும்; அந்த நீருக்கு இது ஒத்துவராது.

ஸ்விம்ஸ்கின்

ஹவாயின் கோனா போல 26 டிகிரியை ஒட்டிய கடலில் வெட்சூட்டுக்கு இடமில்லை. அங்கே ட்ரைசூட்டின் (மூன்று பிரிவுக்கும் போடும் ஒரே பந்தய உடை) மேல் மாட்டுவது ஸ்விம்ஸ்கின். நூற்றுக்கு நூறு நெய்த துணியாக இருக்க வேண்டும், ரப்பர் கூடாது என்பது விதி. ஆகவே மிதப்பை எதிர்பார்க்காதீர்கள். ட்ரைசூட்டின் பைகளையும் சுருக்கங்களையும் மூடி, நீரை ஒட்டவிடாத மேல்பூச்சால் இழுவையைக் குறைப்பது மட்டுமே இதன் வேலை. தோலோடு தோலாக இறுகினால்தான் பலன். கழுத்து வழியாக நீர் புகுந்து முதுகில் உப்பினால் போடாமல் இருப்பதே வேகம். நீச்சல்குளத்து குளோரின் அந்தப் பூச்சை அரித்துவிடும். பயிற்சிக்கு இதைப் போடாதீர்கள். ஒரு துளி நீர் விட்டால் முத்தாக உருளாமல் துணியில் ஊறினால் பூச்சு போய்விட்டது என்று பொருள். நொடிக்கணக்கில் நேரத்தைக் குறைக்க முயலும் போட்டியாளருக்கு இது சரி. முடிக்கிற நேரத்தைப் பற்றிக் கவலைப்படாதவர் தாராளமாகத் தவிர்க்கலாம்.

தெர்மல்

ஸோன்3-இன் தெர்மல் ஆஸ்பயர் போன்றவை வெளியே பார்க்கச் சாதாரண முழுக்கை போலவே இருக்கும். உள்ளே மென்மயிர்த் துணி ஒட்டியிருக்கும். தடிமன் கூட்டாமலே சூடு கூடும். சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் அல்கட்ராஸ் நீச்சல், நார்வேயின் ஃபியோர்டில் படகிலிருந்து குதித்துத் தொடங்கும் நார்ஸ்மேன் மாதிரிப் பந்தயங்களுக்கும், வசந்தகாலப் பயிற்சிக்கும் இது கைகொடுக்கும். தோள் கொஞ்சம் பாரமாகத் தெரியும், காய்வதற்கு ஒரு நாள் கூடுதலாகும். 18-க்கு மேல் போட்டால் அவிந்துபோவீர்கள்.

தெர்மல் உடையை மட்டும் நம்பி 13 டிகிரி நீரில் குதிப்பது தவறு. முகமும் தலையும் வெறுமையாகத்தான் இருக்கின்றன. குளிர்நீர் தோலில் பட்ட முதல் 1 முதல் 3 நிமிடத்தில் மூச்சு தன்னிச்சையாக வாரி இழுக்கும். அந்தக் கணத்தில் முகம் நீருக்குள் இருந்தால் தண்ணீரைத்தான் இழுப்பீர்கள். தொடக்கத்துக்கு முன் இடுப்பளவு நீரில் நின்று, முகத்திலும் பிடரியிலும் நீரை அள்ளி அடித்து, கழுத்துப் பட்டையை ஒரு நொடி இழுத்து உள்ளே கொஞ்சம் நீர் விட்டு, மூச்சு சீராகும்வரை நீருக்குள் குமிழ் விட்டுப் பழகுங்கள். உள்ளே விட்ட நீர் உடல் சூட்டில் வெதுவெதுப்பாகி அடைபட்ட காற்றை வெளியேற்றும். உடையும் தோலோடு ஒட்டும். முன்கூட்டியே இறங்க அனுமதி இல்லாத பந்தயமென்றால் ஒரு பாட்டில் குளிர்நீரை முகத்திலும் நெஞ்சுப்பக்கம் உடைக்குள்ளும் ஊற்றிக்கொள்வது ஓரளவு ஈடுசெய்யும். முந்தைய வாரங்களில் அரை டஜன் தடவை சில நிமிடங்களே குளிர்நீரில் இறங்கிப் பழகினாலும் இந்த அதிர்ச்சி கணிசமாக அடங்கும்.

நியோப்ரீன் தொப்பி ஒன்று, அதன் மேல் பந்தயத் தொப்பி. காதுக்கு அடைப்பான், குளிர்நீர் ஒரு காதில் மட்டும் புகுந்தால் தலை சுற்றி வாந்தி வரும். கையுறைக்கு இடமில்லை. கால் உறைக்கான விதி அமைப்புக்கு அமைப்பு மாறும், பந்தயக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீந்தும்போது திடீரென மூச்சு வாங்கி, இருமல் வந்து, எச்சில் நுரையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்தால் அது பதற்றம் அல்ல. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் நிலை. குளிரும், இறுக்கமான உடையும், தொடங்கும் முன் அளவுக்கு மீறிக் குடித்த நீரும் சேர்ந்தால் வாய்ப்பு கூடும். கையைத் தூக்கிப் படகை அழையுங்கள். முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று ஒரு வீச்சுகூட நீந்தாதீர்கள். கரையேறியபின் ஓய்வெடுத்தால் சரியாகிவிட்டது போல் தோன்றினாலும் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

கரையேறிய பிறகும் உடலின் உள்வெப்பம் சிறிது நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். நடுக்கம் பத்து நிமிடம் கழித்து வருவது அதனால்தான். சைக்கிளில் ஏறும்முன் நெஞ்சைத் துடைத்து, காற்றுத் தடுப்புச் சட்டை போட எடுத்துக்கொள்ளும் ஒரு நிமிடம் பின்னால் பல நிமிடமாகத் திரும்பிவரும்.

கழற்றுவது, காப்பது

உடைக்குள் நீர் இருக்கும்போதே கழற்ற ஆரம்பியுங்கள். கரையேறிய உடன் கயிற்றை இழுத்து ஜிப்பைத் திறந்து, ஓடிக்கொண்டே இடுப்புவரை உரித்துவிட வேண்டும். வண்டியருகே வந்ததும் முழங்காலுக்குக் கீழே தள்ளி, ஒரு காலால் மறு காலின் ரப்பரை மிதித்துக் காலை உருவுங்கள். நேரக்கருவிப் பட்டையை உடைக்கு அடியில் கட்டுங்கள். மேலே கட்டினால் உடையோடு சேர்ந்து வந்துவிடும். கணுக்கால் வாய் சிக்குகிறது என்றால் கால் விளிம்பை 2 செ.மீ. நேராக வெட்டிவிடலாம், பல தயாரிப்பாளர்கள் இதை அனுமதிக்கிறார்கள், ஆனால் உத்தரவாதத் தாளைப் படித்துவிட்டுக் கத்தரியைத் தொடுங்கள்.

நன்னீரில் உள்ளும் புறமும் அலசி, உட்புறம் வெளியே தெரியப் புரட்டி, நிழலில் காயவிடுங்கள். தோளில் ஹேங்கர் மாட்டினால் மெல்லிய தோள்பலகை எடை தாங்காமல் நீண்டுவிடும்; இடுப்பில் மடித்துத் தடித்த கழியில் போடுவதே முறை. வெயிலும் பூட்டிய காரின் சூடும் ரப்பரை விறைக்கவைக்கும். வாஷிங் மெஷின் பக்கமே போகக் கூடாது.

நகம் பட்டுப் பிறைவடிவில் கிழிவது எல்லோருக்கும் நடக்கும். கவலை வேண்டாம். கிழிசல் பெரும்பாலும் மேல் ரப்பரோடு நின்றிருக்கும், உள்துணி முழுதாக இருக்கும். உலர்ந்த உடையில் கிழிசலை விரித்து, ஆல்கஹாலால் துடைத்து, நியோப்ரீன் பசையை இரு முகத்திலும் மெல்லியதாகத் தடவுங்கள். பசை ஈரம் போய்த் தொட்டால் லேசாக ஒட்டும் பதம் வரும்வரை 5 முதல் 10 நிமிடம் காத்திருந்து, விளிம்புகளைச் சேர்த்து அழுத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே சேர்த்தால் முதல் நீச்சலிலேயே பிரிந்துவிடும். 24 மணி நேரம் போடாமல் வையுங்கள்.

பழையது வாங்குவதென்றால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் தையல் ஓரங்களில் ஊசித்துளை வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தோள்பலகையை இழுத்துவிட்டால் உடனே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். மடிப்பில் நுண்விரிசல் தெரிந்தாலும், மார்புப் பகுதியை இரு விரலால் அழுத்தினால் பஞ்சு போல் மீளாமல் தட்டையாகவே கிடந்தாலும், உள்ளிருக்கும் குமிழ்கள் நசுங்கிவிட்டன. அந்த உடையில் மிதப்பும் இல்லை, சூடும் இல்லை; எந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.